பல்லக்கா வீட்டின் பின் மூலை

அந்தத் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் வாய்விட்டுச் சிரிக்கிற வயதானவர்களில் பாதிப் பேருடைய சிரிப்பு பல்லக்கா கையால் செய்தது. மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். அதில் ஜிப்சம் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு வார்த்து, ஒவ்வொரு பல்லாக நிறுத்தி, கடைசியில் பளபளவென்று ஒரு செட்டாக்கித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. பதினேழு வயதில் ஒரு பல்செட்டுப் பட்டறையில் தரை பெருக்கச் சேர்ந்தவள். மாவு குழைக்கிற ஆள் வராத ஒரு காலையில், "நான் குழைக்கட்டுங்களா?" என்று கேட்டாள். முதலாளி சிரித்தார். குழைத்துக் காட்டியதும் சிரிப்பு நின்றது. அன்றைக்கு எடுத்த கரண்டியை ஐம்பது வயது தாண்டியும் அவள் கீழே வைக்கவில்லை. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்பா விட்டுப் போன பழைய மாடி வீடு. அவளுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதி. வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஆறு வீடுகளில் கடைசி வீடு. கீழே அவளும் கணவரும் இருந்தார்கள். மேலே தம்பி குடும்பத்தோடு இருந்துவிட்டு, டயர் கடை பெரிதானதும் கடைக்குப் பக்கத்திலேயே வாடகைக்குப் போய்விட்டான். பின்பக்கம் மூலையில் இருந்த அறைதான் பல்லக்காவின் பட்டறை. ஜன்னலோரம் மேஜை, மேஜைமேல் மெழுகு உருக்கும் அடுப்பு, சுவரை ஒட்டி மாவு மூட்டைகள், அலமாரியில் பெயர்ச் சீட்டு ஒட்டிய பல்வரிசைகள். புதிதாக வருகிறவர்கள் அந்த அலமாரியைப் பார்த்து ஒரு கணம் திடுக்கிடுவார்கள். அத்தனை வாய்கள், ஒரு முகம் கூட இல்லாமல்.

வீட்டுக்கு ஏதோ ஆகிறது என்பதை முதலில் சொன்னது மெழுகு. உருக்கித் தட்டில் ஊற்றினால் ஒரு பக்கமாகவே போய்த் தேங்கியது. மேஜைக் கால்தான் சரியில்லை என்று அட்டையை மடித்துக் கீழே வைத்தாள். நாலு மாதம் கழித்து இன்னொரு அட்டை. அப்புறம் பட்டறைக் கதவு தரையை உரச ஆரம்பித்தது. மாடி ஜன்னல் திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது என்று அடம்பிடித்தது. பிறகு ஒரு நாள் மாவு மூட்டையை நகர்த்தினால், பின்னால் சுவரில் விரிசல். செங்கல் இணைப்பு வழியாகவே படிப்படியாக இறங்கி, தரைக்குள் போய் மறைந்திருந்தது.

அவள் கணவர் நூலகர். வாழ்நாள் முழுக்கப் 'பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்த்த மனிதர். வீட்டிலும் அதே குரல்தான். காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கும். அவர் விடுமுறை போட்டு, பட்டி வாங்கி வந்து, விரிசலை அடைத்து, மேலே வெள்ளையும் அடித்தார். இரண்டு நாள் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்.

அடுத்த மாதம் அது மறுபடி வாயைப் பிளந்தது. அவர் பூசிய பட்டியும் சேர்ந்து இரண்டாகப் போயிருந்தது.

"சுவர்ல கோளாறு இல்லீங்க," என்றாள் பல்லக்கா. "கீழ ஏதோ போயிருக்கு."

"கீழன்னா?"

"ஈறு போனா பல்லு மட்டும் என்ன பண்ணும்?"

"எதுக்கும் தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பி தனியாக வரவில்லை. கட்டடக் கம்பெனிக்காரர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தான். இஸ்திரி கலையாத சட்டை, வாசலிலேயே மணக்கும் சென்ட்டு. துக்கம் விசாரிக்க வந்தவர் போல வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து உச்சுக்கொட்டினார். விரிசலுக்குள் பேனாவை விட்டு எடுத்தார். தலையை ஆட்டினார்.

"வயசாயிடுச்சும்மா. அஸ்திவாரமே போயிடுச்சு. இதுல செலவு பண்றது வீண். மொத்தமா இடிச்சுட்டு, ஆறு வீட்டையும் சேத்து அடுக்குமாடியா கட்டித் தர்றோம். உங்களுக்கு ஒண்ணு, தம்பிக்கு ஒண்ணு. லிஃப்ட் உண்டு."

"அஸ்திவாரத்த எப்ப பாத்தீங்க?" என்று கேட்டாள் பல்லக்கா.

"அதான் விரிசல் சொல்லுதே."

"விரிசல் வலிக்குதுன்னு மட்டும்தாங்க சொல்லும். எந்தப் பல்லுன்னு சொல்லாது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். தம்பி சிரிக்கவில்லை. "அக்கா, பிடிவாதம் பிடிக்காத. வீட்ல தினம் இதே பேச்சு. பசங்க வளந்துட்டாங்க, வாடகை வீட்ல கால் நீட்ட இடமில்ல. இதுல பாதி எனக்கும் உண்டு."

"இல்லைன்னு எவ சொன்னா? உன் பாதியும் சேந்துதான்டா சாயுது."

"அப்ப வித்துடலாம்."

"முதல்ல என்ன நோவுன்னு பாக்கலாம். பாக்காமலே பாடை கட்டாத."

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அக்காவும் தம்பியும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தது அவர்கள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அந்த மாதமே நகராட்சியிலிருந்து ஆய்வாளர் வந்தார். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். நெட்டையான, சிரிக்காத மனிதர். அறை அறையாகப் பார்த்துவிட்டு, முன்கதவில் சிவப்பு எழுத்து நோட்டீஸை ஒட்டினார். அபாயகரமான கட்டடம். மழைக்காலம் முடிவதற்குள் சரிசெய்து சான்று காட்ட வேண்டும், இல்லையேல் காலி செய்ய வேண்டும், இடிக்கப்படும். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. பல்லக்கா அவர் பேசுவதை உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சட்டத்தை அல்ல.

"சார், கீழ் செட்டு ஆடுதா? பேசறப்ப டக்கு டக்குன்னு சத்தம் வருது."

அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு வேறு வழியில்லாமல், "ரெண்டு மாசமா ஆடுது," என்றார்.

"என் கைவேலைதான் அது. கழட்டிக் குடுங்க."

ஒட்டிய நோட்டீஸ் காய்வதற்குள் செட்டைச் சரிசெய்து கொடுத்தாள். அவர் இரண்டு முறை கடித்துப் பார்த்தார். "அம்மா, இதுக்காக நான் நோட்டீஸ மாத்த மாட்டேன்."

"மாத்தச் சொல்லி நான் கேக்கலியே சார். என் செட்டு ஊர்ல ஆடிக்கிட்டுத் திரியக்கூடாது, அவ்வளவுதான்."

அன்று மாலை அவள் முன்கதவைச் சாத்தாமல் திறந்தே வைத்தாள். சாத்தினால் அந்தச் சிவப்பு எழுத்து தெருவைப் பார்க்கும்.

நோட்டீஸ் வந்ததும் கணவர் வாடகை வீடு தேடலாமா என்று ஆரம்பித்தார். பல்லக்கா காதில் வாங்கவில்லை. அச்சு அனுப்பும் மருத்துவர்களிடம் எல்லாம் விசாரித்தாள். பழைய கட்டடங்களை மட்டுமே பார்க்கும் ஒரு இன்ஜினியர் பெண்ணின் எண் கிடைத்தது. அந்தப் பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தோளில் கனத்த பை, வாயில் பிஸ்கட். காலையிலிருந்து சாப்பிடவில்லையாம். பேசுவதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்தாள், மாடிக்கு ஏறினாள், இறங்கினாள், பின்பக்க மூலையில் மண்டியிட்டுத் தரையோடு கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள்.

"விழுந்துருமாம்மா?" என்று கேட்டாள் பல்லக்கா.

"இப்பவே எப்படிங்க சொல்றது? வீடு இன்னும் நகருதா, இல்ல எப்பவோ நகந்து நின்னுடுச்சா, அது முதல்ல தெரியணும். எல்லா விரிசல் மேலயும் குறுக்க ஜிப்சம் வச்சு ஒரு பட்டை பூசணும். சுவர் அசைஞ்சா பட்டை உடையும். நான் வாங்கிட்டு வர்றேன்."

பல்லக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அலமாரிக்குப் பின்னால் இருந்த மூட்டைகளைக் காட்டினாள். "இந்த வீட்ல அரிசி தீர்ந்தாலும் தீரும், அது தீராதும்மா."

இருவருமாக வீடு முழுக்கப் பட்டை பூசினார்கள். பல்லக்கா குழைத்த மாவு இன்ஜினியர் இதுவரை பார்த்த எந்தக் கொத்தனார் குழைத்ததையும் விட வழவழப்பாக இருந்தது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போட்டார்கள். வரவேற்பறை, சமையலறை, மாடிப்படி, மாடி அறைகள். கணவர் தினமும் காலையில் பல் துலக்கும் முன் ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்பதை வேலையாக வைத்துக்கொண்டார். முன்பக்கத்துப் பட்டைகள் அசையவே இல்லை. மாடிப்படிப் பட்டையும் அப்படியே. பின் மூலையைச் சுற்றி இருந்த மூன்று மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன.

மூன்றாவது உடைந்த காலையில் கணவர் முகம் வெளுத்து வந்து நின்றார். பல்லக்காவோ கையைத் தட்டினாள். "வேற எதுவும் உடையலியே! வீடு முழுக்க நல்லா இருக்குங்க. ஒரே ஒரு மூலைதான் வம்பு பண்ணுது. இனிமே எனக்குப் பயமில்ல."

அடுத்தது ஏன் என்ற கேள்வி. இன்ஜினியர் கொல்லையில் மொட்டைமாடி மழைக்குழாய் இறங்கும் இடத்தைக் காட்டினாள். "இந்தத் தண்ணி எங்க போகுது?"

"தெருச் சாக்கடைக்கு. மண்ணுக்கடியில பைப் போகுது."

"போகுதான்னு பாத்துருவோம்."

பையிலிருந்து ஒரு பொட்டலம் பச்சைப் பொடியை எடுத்து வாளியில் கரைத்தாள். கணவர் மொட்டைமாடியிலிருந்து குழாயில் ஊற்றினார். பின்னாலேயே வாளி வாளியாக நல்ல தண்ணீரும் ஊற்றினார். பல்லக்கா தெருச் சாக்கடை ஓரம் குந்தி உட்கார்ந்து காத்திருந்தாள். பக்கத்து வீட்டு வாத்தியாரம்மா எட்டிப் பார்த்து, "என்னத்தைத் தொலைச்சே?" என்று கேட்டார். அவர் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பச்சைத் தண்ணிய டீச்சர். மேல ஊத்தினது கீழ வரவே இல்ல."

ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மேஸ்திரியை வரவழைத்துப் பின் மூலையில் வெளிச்சுவர் ஓரமாக ஒரு குழி தோண்டச் சொன்னாள் இன்ஜினியர். மேஸ்திரி கட்டையான ஆள், பேச்சை விடத் தும்மல் அதிகம். இடுப்பளவு போனதும் மண் ஈரமாயிற்று. கொஞ்ச நேரத்தில் குழியின் பக்கவாட்டிலிருந்து பச்சைப் பசேலென்று தண்ணீர் கசிந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று பல்லக்கா புதையல் கிடைத்தவள் போலக் கத்தினாள்.

ஆனால் மேஸ்திரி தோண்டுவதை நிறுத்திவிட்டுக் கடப்பாரையைப் பார்த்தார். ஒரே குத்தில் அது பாதி உள்ளே போயிருந்தது. அங்கே மண்ணே இல்லை. உடைந்த ஓடு, சாம்பல், கண்ணாடிப் புட்டி, துருப்பிடித்த தகரம். சாக்கடை வசதி வராத காலத்தில் வீட்டுக் கழிவு விழுந்த பழைய குழி அது. பிறகு யாரோ கையில் கிடைத்ததை எல்லாம் போட்டு மூடி, அதன் தலைமேலேயே சுவரின் மூலையை எழுப்பியிருக்கிறார்கள். காய்ந்திருந்த வரைக்கும் தாங்கியது. குழாய் உடைந்து தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் குப்பை கரைந்து, அமுங்கி, மூலையையும் கூடவே இழுத்துக்கொண்டது.

பல்லக்கா குழி விளிம்பிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள். இத்தனை வருஷமும் ஒரு குப்பைக் குழியின் தலையில் உட்கார்ந்து ஊருக்குப் பல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இதுக்கு வழி இருக்காம்மா?"

"இருக்கு," என்றாள் இன்ஜினியர். கை கழுவக்கூட மறந்து, சேற்றுக் கையாலேயே சுவரில் கோடு போட்டுக் காட்டினாள். "குழிக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. கெட்டி மண்ணு வர்ற வரைக்கும் தோண்டி ரெண்டு கான்கிரீட் தூண் எழுப்பறோம். தூணுக்குத் தூண் சுவருக்கடியில கான்கிரீட் பீம். குழி அது பாட்டுக்குக் கீழ கிடக்கட்டும், மூலை அதை நம்பி நிக்க வேண்டாம். ஆனா ஒரே நேரத்துல தோண்டினா சுவர் கீழ வந்துரும். ஒரு துண்டு தோண்டி, கட்டி, காஞ்சப்பறம்தான் அடுத்த துண்டு. பொறுமை வேணும்."

"பொறுமையா? ஒரு வாய்க்கு இருபத்தெட்டுப் பல்லு நிறுத்தறவ நான்."

புது மெருகு இயந்திரம் வாங்க ஒதுக்கியிருந்த சேமிப்பை எடுத்தாள். பட்டறையை முன் அறைக்கு மாற்றினாள். வருகிறவர்கள் இனி வாசலிலேயே அந்த அலமாரியைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். சுவருக்கடியில் இரும்பு விட்டம் செருகி, அதற்கு இரும்பு முட்டுக் கொடுத்து வேலை ஆரம்பித்தது. தம்பிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அவன் வரவில்லை. "காசைக் குழிக்குள்ள கொண்டுபோய்க் கொட்டறா" என்று அவன் சொன்னதாக மட்டும் திரும்பி வந்தது.

முதல் தூண் நல்லபடியாக எழுந்தது. இரண்டாவதற்குத் தோண்டி, கெட்டி மண்ணும் வந்து, கம்பி கட்டி முடித்து, மறுநாள் கான்கிரீட் போடுவதாக இருந்தது. அன்றைக்கு மதியம் பார்த்து வானம் கறுத்தது. மழைக்காலம் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டது.

சாதாரண மழை இல்லை. எதிர்வீடு தெரியாத மழை. மேஸ்திரியின் ஆட்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதற்குள் கொல்லையில் கணுக்கால் தண்ணீர் நின்றது. அது முழுக்கத் திறந்து கிடந்த குழியைப் பார்த்து ஓடியது. பல்லக்கா வாசற்படியில் கிடந்த மாவு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். குழியைச் சுற்றி அணைபோல அடுக்கினாள். நனைந்த மாவு இறுகிக் கல்லாயிற்று, நல்லதாகப் போயிற்று. ஆனாலும் தண்ணீர் வந்தது. இரும்பு முட்டு ஒன்றின் அடிக்கட்டை சேற்றில் புதைந்து, முட்டு தளர்ந்தது. சுவருக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது.

இன்ஜினியர் போனில் கத்தினாள்: "நான் வந்துட்டிருக்கேன், பாலத்துல மாட்டிக்கிட்டேன்! தண்ணிய நிக்க விடாதீங்க! தளந்த இடத்துக்கு வேற முட்டு குடுங்க! எதையாவது குடுங்க! வீட்டுக்குள்ள யாரும் நிக்காதீங்க!"

அப்போதுதான் நூலகர் தெருவுக்கு ஓடினார். நட்ட நடுத்தெருவில், கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு, "வாங்க! எல்லாரும் வாங்க! வாளி எடுத்துக்கிட்டு வாங்க!" என்று கூவினார். அந்த மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது. கதவுகள் திறந்தன. கணக்கு டீச்சர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டு வாளியோடு வந்தார். வந்ததும், "வரிசையா நில்லுங்க! ஆளுக்கு ஆள் கை மாத்துங்க!" என்று வகுப்பு நடத்த ஆரம்பித்துவிட்டார். குழியிலிருந்து தெரு வரைக்கும் வாளிகள் கை மாறின. தண்ணீர் ஏறவில்லை. இறங்கவும் இல்லை.

தளர்ந்த முட்டுக்கு மேஸ்திரி தோளால் அண்டக் கொடுத்து நின்றிருந்தார். "அம்மா, நான் ரொம்ப நேரம் தாங்க மாட்டேன்," என்றார். அப்போது கூட அவருக்குத் தும்மல் வந்தது. பல்லக்கா போய் அவர் பக்கத்தில் தானும் தோளைக் கொடுத்தாள்.

வீட்டை ஒட்டிய சந்து வழியாக ஒரு சின்ன லாரி பின்னோக்கி வந்து நின்றது. டயர் கடை லாரி. தம்பி குதித்து இறங்கினான். சட்டையெல்லாம் கிரீஸ், தலையெல்லாம் மழை.

"மாமா போன் பண்ணாரு," என்றான். "அவரு கத்தினதுல காது போச்சு."

லாரியில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் இருந்தது. லாரிகளைத் தூக்கும் பெரிய ஜாக்கிகள் இருந்தன. தடித் தடியான மரக்கட்டைகள் இருந்தன. அவன் வேறு எதுவும் பேசவில்லை. சேற்றில் படுத்துக்கொண்டு கட்டைமேல் கட்டை குறுக்காக அடுக்கினான், ஜாக்கியை வைத்தான், கைப்பிடியை அழுத்தினான். சுவருக்கடியில் செருகியிருந்த இரும்பு விட்டத்தைத் தொட்டதும் நிறுத்தினான். இன்னும் ஒரே ஒரு அழுத்து. கரகரவென்ற சத்தம் நின்றது.

"விடுங்க," என்றான். மேஸ்திரியும் பல்லக்காவும் தோளை எடுத்தார்கள். சுவர் நின்றது.

மோட்டார் உறுமியது, குழி வற்றியது. இன்ஜினியர் நனைந்த கோழியாக வந்து சேர்ந்து, ஜாக்கிகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "இத யார் வச்சது?" என்றாள்.

தம்பிக்கு ஏதோ தப்பாகிவிட்டதென்று முகம் சுருங்கியது. "நான்தாங்க. லாரிக்கு வைக்கிற மாதிரிதான்..."

"நான் வந்திருந்தாலும் இப்படித்தான் வச்சிருப்பேன்," என்றாள் அவள்.

பல்லக்கா தம்பியின் காதைப் பிடித்துத் திருகினாள். சின்ன வயதில் அவன் நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும் அவளுக்கு அது ஒன்றுதான் வழக்கம். அவன் சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழையில் அழுதால் தெரியாது என்று நினைத்திருப்பான். தெரிந்தது.

மழை விட்ட இடைவெளியில் இரண்டாவது தூணும் எழுந்தது. பீமும் போட்டார்கள். உடைந்த குழாயை மாற்றி, மொட்டைமாடித் தண்ணீரை நேராகத் தெருவுக்கு விட்டார்கள். கான்கிரீட் இறுகக் காத்திருந்த நாட்களில் தம்பி கடையைப் பையனிடம் விட்டுவிட்டுத் தினமும் வந்துபோனான். ஜாக்கி தன் சொத்து, அதைப் பார்க்க வருகிறேன் என்பது அவன் சொன்ன சாக்கு.

கடைசியில் மூலையைத் தூக்கும் நாள் வந்தது. பீமுக்கும் சுவருக்கும் இடையே ஜாக்கிகளை வரிசையாக வைத்தார்கள். தம்பிதான் அழுத்தினான். இன்ஜினியர் கண்ணை அளவுகோலை விட்டு எடுக்காமல், "கொஞ்சம்... நிறுத்துங்க... அடுத்தது," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பல்லக்கா உள்ளே விரிசல் முன்னால் நின்றாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, கணவர் அடைத்த பட்டித் துண்டு ஒன்று நசுங்கிப் பொடியாக உதிர்ந்தது. விரிசல் மூடிக்கொண்டிருந்தது! விரல் நுழைந்த இடத்தில் நகம் நுழைந்தது. பிறகு நகமும் நுழையவில்லை. பட்டறைக் கதவு தரையை விட்டுவிட்டு, யாரும் தொடாமலே மெல்ல அசைந்து திறந்துகொண்டது.

"இன்னும் கொஞ்சம்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

"போதும்," என்றாள் இன்ஜினியர். "முழுசா நிமித்தணும்னு ஆசைப்பட்டா வேற எங்கயாவது உடையும். இத்தனை வருஷம் சாஞ்சு பழகின வீடு. மிச்சம் ஒரு நூலளவு சாய்வு இருக்கட்டும்."

பல்லக்கா ஒரு கணம் யோசித்தாள். ஒரு செட்டை இன்னும் கொஞ்சம் தேய்க்கலாமே என்று ஆசைப்பட்டுக் கெடுத்த நாட்கள் அவளுக்கும் உண்டு. "சரிம்மா. நிறுத்துடா," என்றாள்.

இடைவெளியில் கெட்டிக் கலவையை இடித்து நிரப்பி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பாரம் முழுவதும் புதுத் தூண்களின் தலையில் உட்கார்ந்தது. எதுவும் முனகவில்லை. மேஸ்திரி தும்மினார். எல்லாரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

மறுபடி பூசிய பட்டைகள் மழைக்காலம் முழுவதும் ஒன்றுகூட உடையவில்லை. நெட்டை ஆய்வாளர் வந்து, குனிந்து நிமிர்ந்து எல்லாவற்றையும் பார்த்தார், இன்ஜினியரின் சான்றை எழுத்தெழுத்தாகப் படித்தார். பிறகு தன் கையாலேயே நோட்டீஸைச் சுரண்டி எடுத்தார். ஒட்டும்போது கூடிய கூட்டத்தைப் போல இரண்டு மடங்கு அன்றைக்குக் கூடியிருந்தது. நூலகர் எல்லாருக்கும் டீ கொடுத்தார். "இன்னொண்ணு எடுத்துக்கங்க!" என்று அவர் உபசரித்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. அன்றைய மழைக்குப் பிறகு அவர் குரல் பழைய இடத்துக்குத் திரும்பவே இல்லை.

தம்பி மாடியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் வெகுநேரம் இறங்கவில்லை. இறங்கி வந்து, "ஜன்னல் எல்லாம் நல்லா தொறக்குதுக்கா," என்றான். மாடியை அண்ணாந்து பார்த்தான். "ஒரு ரூம் கூடப் போட்டா பசங்களுக்குப் போதும். மேல பாரம் ஏத்தலாமான்னு அந்த இன்ஜினியர்கிட்ட கேளேன்."

"நீயே கேளு. உன் பாதிதானே!" என்றாள் அவள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மறைக்க டீ டம்ளர் போதவில்லை.

கம்பெனிக்காரர் மட்டும் விடவில்லை. அடுத்த வாரம் அதே சென்ட்டு மணக்கத் தெருவுக்கு வந்து, பல்லக்கா வீட்டைத் தாண்டி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். டீச்சர் அவரை உட்காரச் சொல்லி, தன் வீட்டுச் சுவரிலும் இருந்த விரிசலைக் காட்டி, "இதுக்கு என்ன காரணம்?" என்று கேட்டார்.

"வயசாயிடுச்சும்மா. அஸ்திவாரமே..."

"விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது," என்றார் டீச்சர். "வழிமுறை வேணும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

அவர் சிரித்து மழுப்பினார். டீச்சர் எழுந்து போய், வாசல்படியில் நின்று, மற்ற நாலு வீட்டுக்காரர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு இந்தப் பக்கம் திரும்பி, "பல்லக்கா! கொஞ்சம் வந்துட்டுப் போ!" என்றார். நூலகரின் உதவி தேவைப்படாத குரல் அது.

பல்லக்கா மெழுகுக் கையோடு வந்தாள். சுவரைப் பார்த்தாள். கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். தரையோடு கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அக்கம்பக்கத்தார் சுற்றி வந்து நின்றார்கள். கம்பெனிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர்," என்று எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "பாத்தா தெரியாது. இன்ஜினியரம்மாவுக்குப் போன் போடறேன். மாவு நான் தர்றேன், நாளைக்கே பட்டை பூசிருவோம். யார் யார் வீட்ல விரிசல் இருக்கு, கை தூக்குங்க."

கூடத்தில் கைகள் உயர்ந்தன. ஐந்து வீட்டுக் கைகள். கம்பெனிக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு ஓரமாக வழிவிட்டு நிற்க, பல்லக்கா அவரைத் தாண்டி மாவு குழைக்கப் போனாள்.